தகுதிச் சான்றிதழ் எதற்குச் சான்று?

பழைய சிறு மோட்டார் கார் ஒன்றை விலைக்கு வாங்க முற்படுபவர் பெரும்பாலும் செல்வந்தர் அல்லர். பல கிராமங்களைச் சுற்றிவர வேண்டிய விவசாய விரிவாக்க அலுவலர், மலைப்பாதையில் ஏறி இறங்க வேண்டிய சுகாதார ஊழியர், தொலைவிலுள்ள பள்ளிக்கு மாற்றப்பட்ட ஆசிரியர் போன்றோரே இத்தகைய கார்களை நாடுகின்றனர். பல்லாண்டுச் சேமிப்பை ஒரே நாளில் கொடுத்துவிடப்போகும் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: வண்டி நம்பத்தக்கதா? விற்பவர் கூறும் விடையும் பெரும்பாலும் ஒன்றே: "எஃப்.சி. முடிந்திருக்கிறது; புகைச் சான்றிதழும் கைவசம் இருக்கிறது." இவ்விடை அக்கேள்விக்கு உரிய விடையன்று என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சோதனை நம்பத்தக்கதா என்பது ஒரு கேள்வி. கார் நம்பத்தக்கதா என்பது வேறொரு கேள்வி. ஒரே காரை இன்று ஒரு பரிசோதகரும் நாளை மற்றொரு பரிசோதகரும் சோதித்தால் இருவரும் ஒரே முடிவுக்கு வருவார்களா என்பது முதலாவதைச் சார்ந்தது. அந்தக் கார் அடுத்த பன்னிரண்டு மாதங்கள் வழியில் நின்றுவிடாமலும், பிரேக் தவறாமலும் ஓடுமா என்பது இரண்டாவது. முதலாவது கேள்விக்கு மிக நல்ல விடை கிடைத்தபோதிலும் இரண்டாவதற்கு விடை கிடைத்ததாகாது. சான்றிதழைக் கையில் வாங்குபவர் இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடுகிறார். வழக்கத்திலுள்ள சான்றிதழின் அமைப்பும் அவ்வாறு கருதுவதற்கே இடமளிக்கிறது.

இந்நாட்டுச் சட்டத்தின் நிலையை முதலில் நோக்குதல் தகும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகத்திற்கான காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின்னர் வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுவந்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். வாடகைக் கார், லாரி, பஸ் ஆகியவற்றிற்கு இந்நிலை இல்லை. அவை ஓராண்டுக்கு அல்லது ஈராண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனைக்கு வந்தாக வேண்டும். ஆகவே, சொந்தக் காரைப் பொறுத்தவரையில், முதற் பதினைந்து ஆண்டுகளில் கட்டாயமாக நிகழும் சோதனை புகைச் சோதனை ஒன்றுதான். அதன் சான்றிதழ் பழைய வண்டிகளுக்கு ஆறு மாதமும், பாரத் நிலை நான்கு முதலான வண்டிகளுக்கு ஓராண்டும் செல்லுபடியாகும். புகைக்குழாயில் செருகப்படும் கருவி கார்பன் மோனாக்ஸைடு, ஹைட்ரோகார்பன் ஆகியவற்றின் அளவைச் சொல்லும். பிரேக்கைப் பற்றியோ ஸ்டியரிங்கைப் பற்றியோ அதனால் ஒன்றும் சொல்ல இயலாது.

இதன் விளைவு யாதெனில், ஐந்தாண்டு, எட்டாண்டு, பத்தாண்டு நிரம்பிய கார்கள் கைமாறும் வேளையில், சட்டப்படி எவரும் அவற்றின் அடிப்புறத்தை ஒருமுறையேனும் குனிந்து பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. உரிமை மாற்றத்திற்குரிய 29, 30-ஆம் படிவங்களில் பெயரும் முகவரியும் எஞ்சின் எண்ணும் கேட்கப்படுகின்றன. பிரேக்கின் நிலை கேட்கப்படுவதில்லை. எஃப்.சி. முடிந்திருப்பதாக விற்பவர் கூறும் கார் பதினைந்து ஆண்டைக் கடந்ததாக இருக்கலாம், அல்லது, எஃப்.சி. என்பதே இன்னும் தேவைப்படாத காருக்கு அச்சொல் வெறும் அலங்காரமாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம். இரண்டாவது வகை வண்டியே சந்தையில் மிகுதி.

மாருதி 800 காரை எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் முதற் கார் உரியவர் கைக்கு வந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டரும் கொண்ட எஞ்சின், 12 அங்குலச் சக்கரங்கள், ஏறத்தாழ 650 கிலோகிராம் எடை. எந்தச் சிற்றூரிலும் பழுது பார்க்க ஆள் கிடைப்பர். இத்தகைய வண்டி பதினைந்து ஆண்டு நிரம்பிப் பதிவுப் புதுப்பிப்புக்கு வருங்கால் மூன்று நான்கு உரிமையாளர்களைக் கண்டிருப்பது அரிதன்று. ஒவ்வொரு கைமாற்றத்திலும் விலை குறைகிறது. விலை குறையக் குறையப் பராமரிப்புக்குச் செலவிட மனமும் குறைகிறது. காரின் மிக ஆபத்தான பருவத்தில் அதனை ஓட்டுபவர் மிகக் குறைந்த பொருள் வசதி உடையவராக இருக்கிறார். சோதனை என்பது எவருக்காக ஏற்பட்டதோ அவரைச் சென்றடைவதற்கு முன்னர் பதினைந்து ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

இனி, சோதனை நிகழும்போது என்ன அளக்கப்படுகிறது என்பதைக் காண்போம். இயந்திரம் பொருத்திய சோதனை நிலையத்தில் காரின் முன் சக்கரங்கள் இரண்டு ஜோடி உருளைகளின்மேல் நிறுத்தப்படுகின்றன. உருளைகள் மெதுவாகச் சக்கரங்களைச் சுழற்ற, ஓட்டுபவர் பிரேக்கை அழுத்துகிறார். ஒவ்வொரு சக்கரமும் உருளையைத் தடுக்கும் விசை தனித்தனியே அளவிடப்படுகிறது. பின்னர்ப் பின் சக்கரங்களுக்கும் இவ்வாறே செய்யப்படும். நான்கு விசைகளையும் கூட்டி வண்டியின் எடையால் வகுத்தால் பிரேக்கின் திறன் நூற்றுக்கு இத்தனை என்று கிடைக்கும். பிரிட்டனில் 2010 செப்டம்பருக்குப் பின் பதிவான கார்களுக்கு இது 58-க்குக் குறையக்கூடாது. அதற்கு முந்தியவற்றிற்கு 50. அன்றியும், ஒரே அச்சின் இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான வேறுபாடு நூற்றுக்கு 30-க்கு மேற்படலாகாது.

ஓர் உதாரணத்தால் இதன் பொருள் விளங்கும். 700 கிலோகிராம் எடையுள்ள சிறு காரின் எடை விசை ஏறத்தாழ 6,860 நியூட்டன். முன் இடது சக்கரம் 1,500, முன் வலது 1,000, பின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் 850 நியூட்டன் தடை விசை தருவதாகக் கொள்வோம். கூட்டுத்தொகை 4,200; திறன் நூற்றுக்கு 61. மொத்தத்தை மட்டும் பார்த்தால் கார் தேர்ச்சி பெற்றுவிட்டது. ஆனால் முன் சக்கரங்களின் வேறுபாடு 500; பெரியதான 1,500-இல் அது மூன்றில் ஒரு பங்கு. மழை நாளில் இந்தக் காரைத் திடீரென நிறுத்த முயன்றால் அது இடப்புறமாக இழுத்துச் செல்லும். அத்தகைய காரைச் சோதனை நிராகரிக்கிறது, அது சரியே. வலது சக்கரம் 1,000-க்குப் பதிலாக 1,070 நியூட்டன் தந்திருந்தால் வேறுபாடு 29-க்குக் கீழே வந்துவிடும், கார் தேறிவிடும். சான்றிதழில் முதற் காருக்கும் இரண்டாம் காருக்கும் இடையே இரவும் பகலும் போன்ற வேறுபாடு. சாலையிலோ அவ்விரண்டுக்கும் வேறுபாடு மிக அற்பம். இதற்கு மாறாக, வேறுபாடு நூற்றுக்கு 3 ஆக உள்ள காரும் 29 ஆக உள்ள காரும் ஒரே சான்றிதழைப் பெறுகின்றன.

அளந்த எண்களை எறிந்துவிட்டு "தேறியது" என்னும் ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொள்வது விஞ்ஞான முறைக்கு ஒவ்வாதது. ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவன் வெப்பமானியைப் பார்த்துவிட்டு "சூடாக இருக்கிறது" என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதினால் எந்த ஆசிரியரும் அதனை ஏற்கமாட்டார். சென்ற ஆண்டு 8 ஆக இருந்த வேறுபாடு இவ்வாண்டு 24 ஆகியிருக்கிறதென்றால், இரண்டு ஆண்டுகளிலும் கார் தேறியிருந்தாலும், ஒரு சக்கரத்தில் பிரேக் எண்ணெய் கசிகிறது அல்லது பிஸ்டன் இறுகிவிட்டது என்று ஐயுறுவதற்குக் காரணம் உண்டு. வாங்குபவருக்கு வேண்டியது இந்த எண்களே.

சான்றிதழின் மதிப்பைப் பற்றிப் பிறிதொரு கணக்கு உண்டு. ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையிலேயே செய்து காட்டலாம். நூறு கார்கள் சோதனைக்கு வருகின்றன என்றும், அவற்றுள் 30 உண்மையில் பழுதுடையவை என்றும் கொள்க. சோதனை பழுதுடையவற்றில் பத்துக்கு எட்டைக் கண்டுபிடிக்கும். நல்லவற்றில் பத்துக்கு ஒன்றைத் தவறாகத் தள்ளிவிடும் என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது பழுதுடைய 30-இல் 6 தேறிவிடும். நல்ல 70-இல் 63 தேறும். தேறிய 69 கார்களில் 6 பழுதானவை. அதாவது ஏறக்குறைய பன்னிரண்டில் ஒன்று. இனி அதே சோதனை, அதே பரிசோதகர், அதே கருவி. ஆனால் வருபவை மிகப் பழைய கார்கள், நூற்றில் 60 பழுதுடையவை என்று கொள்வோம். இப்போது பழுதானவற்றில் 12 தேறும். நல்ல 40-இல் 36 தேறும். தேறிய 48-இல் 12 பழுதானவை, நான்கில் ஒன்று! சோதனையின் துல்லியம் அணுவளவும் குறையவில்லை; எனினும் சான்றிதழின் பெறுமதி மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. ஐந்தாண்டுக் காரின் சான்றிதழையும் பதினெட்டாண்டுக் காரின் சான்றிதழையும் ஒரே கண்ணால் பார்ப்பது தவறு என்பதற்கு இதைவிட எளிய நிரூபணம் இல்லை.

சோதனையின் எல்லைக்கு அப்பாலுள்ளவையும் பல. மலைப்பகுதியில் பணிபுரிவோர் அவற்றுள் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும். சாதாரணமாக வழங்கும் பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட்-3 என்னும் தரத்திற்குரிய எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை சென்டிகிரேடு வரை கொதியாது. ஈரம் ஏறிய நிலைக்கு வகுக்கப்பட்ட குறைந்த அளவோ 140 பாகைதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்து வரும்போது சக்கரத்தருகே வெப்பம் மிகுந்து எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழ்கள் தோன்றும். எண்ணெயை அழுத்த முடியாது. ஆவியை அழுத்த முடியும். ஆதலால் மிதி தரைவரை இறங்கிவிடும், வண்டி நிற்காது. உருளைப் பொறியின்மேல் பிரேக் சில வினாடிகளே அழுத்தப்படுகிறது. அங்கே எண்ணெய் சூடாவதற்கு நேரமில்லை. பல ஆண்டுகளாக எண்ணெய் மாற்றப்படாத காரும் அங்கே முழு மதிப்பெண் பெறக்கூடும். எண்ணெய் மாற்றிய ரசீது இல்லையேல், வாங்கிய வாரத்திலேயே மாற்றிவிடுவது நலம். செலவு சில நூறு ரூபாய்களே.

டயரின் கதையும் இத்தகையதே. பட்டை ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது விதி. அதிகம் ஓடாமல் கொட்டகையிலேயே நின்ற காரின் டயரில் ஆழம் புதியது போலவே இருக்கும். ரப்பரோ முதிர்ந்து விறைத்திருக்கும். பக்கச் சுவரில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். எஞ்சினின் தேய்வு, கிளட்சின் ஆயுள், கியர்ப்பெட்டியின் ஓசை ஆகியவை பாதுகாப்புச் சோதனையின் பொருளே அல்ல. அவற்றைத் தெருமுனை மெக்கானிக்கே நன்கு சொல்வார்.

வெளிநாடுகளில் சோதனை முடிவுகளைத் தொகுத்து, எந்த மாதிரி அதிகம் தேறுகிறது என்று பட்டியலிடும் வழக்கம் உண்டு. ஜெர்மனியில் தொழில்நுட்பச் சோதனைச் சங்கங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கை இவற்றுள் புகழ் பெற்றது. அதில் பல ஆண்டுகள் முன்னணியில் நின்றது போர்ஷே 911 என்னும் விலை உயர்ந்த பந்தயப் பாணிக் கார். அதன் பொறியியல் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஆயினும் அத்தகைய கார் வீட்டின் இரண்டாவது அல்லது மூன்றாவது காராக, குறைந்த தூரமே ஓடி, நுணுக்கமாகப் பராமரிக்கப்படுவது. அன்றாடம் கடைக்கும் பள்ளிக்கும் ஓடிப் பழுதுபார்க்கப்படாமலே சோதனைக்கு வரும் மலிவான சிறு காரோடு அதனை ஒரே வரிசையில் வைத்தால், பட்டியல் கார்களை அளக்கிறதா, உரிமையாளர்களின் பணப்பையை அளக்கிறதா என்னும் ஐயம் எழாமற் போகாது. இத்தகைய பட்டியலிலிருந்து ஒரு சிறு காரைத் தேர்ந்தெடுப்பவர், சராசரியாக ஓடிய தூரத்தையும் உடன் பார்த்தால்தான் அதனால் பயனடைவார். இந்தியாவில் இவ்வாறான பட்டியல் இல்லையே என்று வருந்துவோர் இதனையும் கருத வேண்டும்.

பிரிட்டனின் ஏற்பாட்டில் பின்பற்றத்தக்கது பட்டியலன்று; ஒவ்வொரு காரின் வரலாறு. அங்கே 1960-இல் பத்தாண்டு நிரம்பிய வண்டிகளுக்கென்று சோதனை தொடங்கியது. 1967-இல் மூன்றாண்டு நிரம்பியவற்றிற்கு அது விரிந்தது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் பதிவுகள் கணிப்பொறிக்கு மாறின. இப்பொழுது எவரும் ஒரு காரின் பதிவு எண்ணைக் கொடுத்து, அது எந்தெந்த நாளில் சோதிக்கப்பட்டது, எக்காரணத்தால் தவறியது, அன்று எத்தனை மைல் ஓடியிருந்தது என்பவற்றை இலவசமாகக் காணலாம். தேறிய காருக்கும் "முன் டயர் தேய்ந்து வருகிறது", "பிரேக் குழாயில் துரு" என்பன போன்ற அறிவுரைக் குறிப்புகள் எழுதப்படுகின்றன. ஓடிய தூரத்தைத் திருத்தி ஏமாற்றுவோருக்கு இது பெரிய இடையூறு. இந்நாட்டின் வாகனப் பதிவேடும் கணிப்பொறியில்தான் இருக்கிறது. ஆனால் பொதுமக்கள் அதில் காண்பது சான்றிதழ் எந்நாள்வரை செல்லும் என்பதையே.

சோதிப்பவரைச் சோதிப்பது யார் என்னும் வினாவும் புறக்கணிக்கத்தக்கதன்று. பிரிட்டனில் சோதனை தனியார் பணிமனைகளிலேயே நிகழ்கிறது. பழுது பார்ப்பவரும் சோதிப்பவரும் ஒருவரே. அதனால் அங்குள்ள அரசு நிறுவனம், ஏற்கெனவே சோதிக்கப்பட்ட வண்டிகளில் சிலவற்றைத் தன் ஆட்களைக் கொண்டு மீண்டும் சோதித்து, இரண்டு முடிவுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்கிடுகிறது. வட அயர்லாந்தில் அரசு நிலையங்களே சோதனையை நடத்துகின்றன. 2020 ஜனவரியில் அங்கே கார்களை உயர்த்தும் 55 தூக்கிகளில் 48-இல் விரிசல் அறிகுறிகள் காணப்பட்டுச் சோதனைகள் நிறுத்தப்பட்டன. சாலைக்குத் தகுதியா என்று கார்களைச் சோதித்த கருவியே தகுதியற்றதாயிற்று.

தில்லியில் நிகழ்ந்தது இதனினும் வருந்தத்தக்கது. அந்நகரின் வாகனப் புகை குறித்து இந்தியக் கணக்காய்வுத் தலைமைத் தணிக்கையாளர் தயாரித்து 2025-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கை, அளவுக்கு மேல் புகை வெளியிட்டும் சான்றிதழ் பெற்ற வண்டிகள் 1.08 இலட்சத்திற்கும் அதிகம் என்று கூறியது. ஒரே நிமிடத்திற்குள் சோதித்துச் சான்றிதழ் வழங்கப்பட்ட நிகழ்ச்சிகள் 76 ஆயிரத்திற்கும் மேல். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: எண்கள் பதிவாகியிருந்தமையால்தான் தவறு வெளிப்பட்டது. "தேறியது" என்ற சொல் மட்டும் பதிவாகியிருந்தால் தணிக்கையாளரால் யாதும் கண்டிருக்க இயலாது.

அதே நகரம் மற்றோர் எல்லைக்கும் சென்றது. 2014, 2015-ஆம் ஆண்டுகளில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளையும் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளையும் அங்கே ஓடலாகாது என்று விலக்கியது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதனை நிலைநிறுத்தியது. 2025-இல் அவ்வாணையின் கடுமை தளர்த்தப்பட்டது. புகையின் கொடுமை உண்மையே. ஆயினும் நன்கு பேணப்பட்ட காரையும் பாழான காரையும் பிறந்த தேதி ஒன்றைக் கொண்டு ஒன்றாக்குவது, அளக்கக் கூடியதை அளக்காமல் விடுவதேயாகும்.

சோதனையை முன்கூட்டித் தொடங்கினால் ஏழை உரிமையாளருக்குச் சுமையாகுமே என்பர். இது நியாயமான ஆட்சேபம். 2022 ஏப்ரலில் பதினைந்தாண்டு கடந்த காரின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. இவ்வளவு கொடுப்பவர் பதிலுக்குப் பெறுவது ஒரு சொல்லும் ஒரு தேதியும். பெருங்கட்டணமும் நீண்ட வரிசையும் கொண்ட சோதனையை ஏழாம் ஆண்டிலேயே கொண்டுவந்தால் அது தண்டனையாகவே முடியும். தரகர்களுக்கும் புதுப் பிழைப்பு கிடைக்கும். ஆனால் பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு என்னும் நான்கினை மட்டும் கொண்ட சிறு சோதனையை ஏழாம் ஆண்டிலும், அதன் பின்னர் உரிமை மாறுந்தோறும் நடத்துவது அத்தகைய சுமையாகாது.

அதற்கு வேண்டிய சட்டகம் ஓரளவு ஏற்கெனவே இருக்கிறது. 2021 செப்டம்பரில் வெளியிடப்பட்ட விதிகள் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு வழிவகுத்தன. நிலையத்தை நடத்துபவர் வண்டிகளைப் பழுது பார்ப்பதிலோ உதிரிப் பாகங்களை விற்பதிலோ ஈடுபடலாகாது என்றும் அவை கூறுகின்றன. இவ்வொன்றில் பிரிட்டனைவிட இந்திய ஏற்பாடு தெளிவானது. எஞ்சியிருப்பது, இயந்திரம் அளந்து திரையில் காட்டும் நான்கு சக்கரங்களின் விசைகளையும் ஓடிய தூரத்தையும் ஒரு தாளில் அச்சிட்டு உரிமையாளரிடம் கொடுப்பதும், அதே எண்களைப் பதிவேட்டில் எவரும் பார்க்குமாறு வைப்பதுமே. 2014-இல் விற்பனையான கடைசி மாருதி 800 கார்கள் 2029-இல் புதுப்பிப்புக்கு வரும். 2022-இல் பதிவான சிறு கார்களும் அதே 2029-இல்தான் ஏழாண்டு நிரம்பி, முதன்முறையாகக் கைமாறத் தொடங்கியிருக்கும்.